ஆடுபுலி ஆட்டம்: ஆடுகளை இறக்கும் வரிசை

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆட, ஆடுபுலி ஆட்டத்தைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்றே சொல்வேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பூவேலைப்பாட்டுக்கு நடுவே கோடு எடுபடாது. ஆகவே வெறும் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் வரையுங்கள்.

உச்சிப்புள்ளியிலிருந்து அடிக்கோடு வரை நான்கு சாய்கோடுகளை இறக்க வேண்டும். இடையில் மூன்று குறுக்குக்கோடுகளை முக்கோணத்துக்கு வெளியேயும் நீளுமாறு இழுத்து, அவற்றின் முனைகளை இருபுறமும் நெடுக்குக்கோட்டால் இணைத்தால் 23 புள்ளிகள் அமையும். புலிக்கு 3 சோழிகள், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டைகள் போதும்.

ஒரு புலியை உச்சியிலும், மற்ற இரண்டை முதல் குறுக்குக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் வைத்துத் தொடங்குவது வழக்கம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆட்டை இறக்குவார். எல்லா ஆடுகளும் இறங்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. புலி அடுத்த புள்ளிக்கு நகரலாம். அல்லது ஒட்டி நிற்கும் ஆட்டைத் தாண்டி, அதே நேர்கோட்டில் காலியாக இருக்கும் புள்ளியில் குதித்து, அந்த ஆட்டை வெட்டலாம். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலி வெல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆடுபவர்கள் புலியை மறிக்கும் ஆசையில் நடுவில் ஆட்டை வைத்து இழக்கிறார்கள். ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அதற்கு ஒருபுறம் புலியும் மறுபுறம் காலியிடமும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். அடிக்கோட்டின் இரு முனைகளிலும், பக்கவாட்டு நெடுக்குக்கோடுகளின் நான்கு முனைகளிலும் கோடு முடிந்துவிடுவதால், அங்கே நிற்கும் ஆட்டைப் புலியால் தாண்டவே முடியாது. முதல் ஆட்டை அடிக்கோட்டின் முனையில் வைத்து, அதை ஒட்டியே அடுத்தடுத்த ஆடுகளை இறக்குங்கள். பிறகு பக்கவாட்டு முனைகளையும் அவற்றின் இடைப்புள்ளிகளையும் அடைத்தால், வெட்டுக்கு இடமில்லாமல் பத்து ஆடுகள் வெளிவட்டத்தில் நின்றுவிடும். மிச்சம் ஐந்தையும் மூன்றாம் குறுக்குக்கோட்டின் ஓரத்திலிருந்து, முன்பு வைத்த ஆடுகளின் முதுகை ஒட்டியே இறக்க வேண்டும்.

இறக்கி முடிந்தபின் அவசரம் ஆகாது. ஓர் ஆடு முன்னேறினால் அது விட்டுவந்த இடம் காலியாகும். எதிரே அதே கோட்டில் புலி நின்றால் உடனே வெட்டு விழும். புலி வேறு கோட்டில் இருக்கும்போது மட்டும் முன்னேற்றி, அடுத்த முறையிலேயே பின்னிருக்கும் ஆட்டால் அந்த இடத்தை நிரப்புங்கள்.

புலிக்காரர் இந்த வரிசையைக் குலைக்க வேண்டுமானால், உச்சியிலேயே காத்திராமல், ஆடுகள் குறைவாக உள்ளபோதே ஒரு புலியை அடிக்கோட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பக்கவாட்டு மூலையில் மட்டும் தங்கக் கூடாது: அங்கே ஒட்டி இரண்டு, அவற்றின் பின்னால் இரண்டு என நான்கே ஆடுகளால் புலியை அடைத்துவிடலாம்.