ஆக்‌ஷன் இறக்கணுமா, முதல்ல கிட்டார திருப்பிப் போடுங்க

ஃபெண்டரோட ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) மாதிரி ட்ரெமொலோ (ஆர்ம்ங்கற கைப்பிடியால பிரிட்ஜ அசைக்கற அமைப்பு) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார்ல கம்பி உயரம், அதாவது ஆக்‌ஷன், அதிகமா இருக்குன்னு தோணின உடனே நிறைய பேர் அலன் கீய எடுத்து ஆறு சாடிலையும் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பியையும் தாங்கற துண்டு) இறக்கிடறாங்க. நானும் அதத்தான் பண்ணேன். 9 கேஜ் கம்பிய கழட்டிட்டு அதவிட தடிச்ச 10 போட்டேன், ஆக்‌ஷன் ஏறிடுச்சு, சாடில இறக்கினேன், ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டேன்.

நடந்தது என்னன்னா, தடிச்ச கம்பி கூட இழுக்கும், பின்னாடி ஸ்பிரிங் பழைய டென்ஷன்லயே நிக்கும், அதனால பிரிட்ஜ் முன்பக்கமா சாஞ்சு பின்பக்கம் தூக்கிக்கும், அதோட சாடிலும் மேல போயிடும். அதனால மொதல்ல பின்மூடிய கழட்டி ஸ்பிரிங்க பிடிச்சிருக்கற கிளா தகட்டோட ஸ்குரூ ரெண்டையும் கொஞ்சமா இறுக்குங்க, டியூன் பண்ணுங்க, பாருங்க, மறுபடி இறுக்குங்க. ஃபுளோட் ஆகுற ஸ்ட்ராட்ல பிரிட்ஜோட பின்பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவுல 3.2 மிமீ இடைவெளின்னு ஃபெண்டர் சொல்றாங்க. ஒரு கம்பியோட சுருதிய ஏத்தினா மத்த அஞ்சும் இறங்கும், அதனால டியூன் நிக்கறதுக்கு முன்னாடி எத அளந்தாலும் வேஸ்ட்.

அடுத்த தப்பு ட்ரஸ் ராட், நெக்குக்குள்ள இருக்கற உலோகத் தண்டு. அது ஆக்‌ஷன் ஏத்தி இறக்கற ஸ்குரூ இல்லைங்க, நெக்கோட வளைவுக்கு மட்டும்தான். முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகள அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்ட அழுத்திக்கிட்டு 8வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விடுங்க, 9.5 இன்ச் ரேடியஸ் (ஃப்ரெட்போர்டு வளைவோட ஆரம்) நெக்குக்கு 0.25 மிமீ போதும். ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல வேண்டாம், டைட்டா இருந்தா விட்டுடுங்க.

இதுக்கப்புறம்தான் சாடில். 17வது ஃப்ரெட்ல கம்பிக்கு கீழ 1.6 மிமீ, வாசிக்கற மாதிரி மடியில வெச்சு அளங்க. ஆறு சாடிலையும் ஒரே மட்டத்துல வெக்காதீங்க, ஃப்ரெட்போர்டு வளைவு மாதிரி நடுவுல உயரணும். பழைய பாணி 7.25 இன்ச் போர்டுன்னா ரொம்ப ஆசைப்படாதீங்க, பெண்ட் பண்ணும்போது (கம்பிய பக்கவாட்டுல தள்ளும்போது) மேல் ஃப்ரெட்ல இடிச்சு சத்தம் செத்துடும், தடிக்கம்பி பக்கம் 2 மிமீ விடலாம். ரெண்டு போஸ்ட் மேல நிக்கற பிரிட்ஜ்னா கம்பி டைட்டா இருக்கும்போது போஸ்ட்ட திருப்பவே திருப்பாதீங்க, போஸ்ட்ல உக்கார்ற பிரிட்ஜோட கத்தி மாதிரி இருக்கற விளிம்பு மழுங்கிப் போயிடும், அப்புறம் டியூன்ல நிக்கவே நிக்காது.

கம்பி இறங்கினதும் பிக்கப்புக்கு கிட்ட வந்துடும், இத யாரும் யோசிக்கறதில்ல. காந்தம் இழுத்து மேல் ஃப்ரெட்ல சுருதி ஆடும், அது தெரியாம இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கறது) சரி பண்றேன்னு சாடில முன்னாடி பின்னாடி தள்ளிக்கிட்டே இருப்பாங்க. பிக்கப்ப இறக்கிட்டு அப்புறம் இன்டொனேஷன் பாருங்க.

ஆர்ம மேல இழுத்தா கம்பி ஃப்ரெட்டோட இன்னும் ஒட்டும், அதையும் செக் பண்ணிக்கோங்க. மத்தபடி லேசான கரகரப்பு ஆம்ப்ல கேக்கலன்னா அப்படியே விட்டுடுங்க.