அமெரிக்க அதிபர்கள் பற்றிய துணுக்கு உண்மையா? நீங்களே பார்த்துவிடலாம், படிப்படியாக

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வினாடி வினாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் பொய்ப்பல் எதனால் ஆனது என்று கேட்டார்கள். மரம் என்று சொன்னேன், பத்து மதிப்பெண் கிடைத்தது. வாரப் பத்திரிகையில் கதைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கட்டம் கட்டிப் போடுவார்களே, அப்படி ஒரு துணுக்கில் படித்தது. அது தப்பு என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது. இன்று அதே துணுக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடும் யூடியூபில் பின்னணி இசையோடும் வருகிறது, சரக்கு மட்டும் மாறவில்லை.

இந்தத் துணுக்குகள் மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. அதனால்தான் பொய்யான ஒன்று சுற்றும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே அதைவிட நல்ல உண்மை ஒன்று யாரும் தொடாமல் கிடக்கும். அதை எப்படி எடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. உங்களுக்கு வேண்டியது ஒரு போன், அரை மணி நேரம், ஆங்கிலத்தை மெதுவாகவாவது படிக்கும் பொறுமை. கீழே சொல்லும் இடங்கள் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

படி 1: துணுக்கைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒரு துணுக்குக்குள் மூன்று நான்கு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று உண்மையாக இருப்பதால் மற்றதையும் நம்பிவிடுகிறோம். 27ஆவது அதிபர் வில்லியம் டாஃப்ட் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள்: ஆள் ரொம்பப் பருமன், வெள்ளை மாளிகைக் குளியல் தொட்டியில் சிக்கிக்கொண்டார், நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள், அதனால்தான் அவருக்கென்று ராட்சதத் தொட்டி செய்தார்கள்.

இதைத் தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். பருமன் என்பது உண்மை, 300 பவுண்டுக்கு மேல். ராட்சதத் தொட்டியும் உண்மை, 7 அடிக்கும் மேல் நீளம், நான்கு ஆண்கள் அதற்குள் வசதியாக உட்கார்ந்திருக்கும் புகைப்படமே இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டி 1909 தொடக்கத்தில் அவர் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போன நார்த் கரோலினா என்ற போர்க்கப்பலுக்காகச் செய்யப்பட்டது. அவர் பதவியேற்றதோ 1909 மார்ச் 4. வெள்ளை மாளிகைக்குக் குடிவருவதற்கு முன்பே பெரிய தொட்டி வந்துவிட்டது என்றால், அங்கே சிக்கிக்கொண்டதால் தொட்டி செய்தார்கள் என்ற வரி தானாகவே விழுந்துவிடுகிறது, இல்லையா? நான்கு வரியாக எழுதிப் பார்த்ததால்தான் இது கண்ணில் பட்டது.

படி 2: தேதிகளை வரிசையாக அடுக்குங்கள்

டாஃப்ட் விஷயத்திலேயே இதைத் தொட்டுவிட்டோம், இன்னொன்று பார்ப்போம். ஒன்பதாவது அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841 மார்ச் 4 அன்று குளிரில் கோட்டு கூடப் போடாமல் நின்று 8,445 சொற்கள் கொண்ட பதவியேற்பு உரையை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் படித்தார். ஏப்ரல் 4 அன்று இறந்துபோனார். உரை உண்மை, சாவு உண்மை, உரைதான் ஆளைக் கொன்றது என்று துணுக்கு சொல்கிறது.

நடுவில் ஒரு தேதி காணவில்லை பாருங்கள்: அவருக்கு எப்போது உடம்பு முடியாமல் போனது? மார்ச் 26. உரை முடிந்து மூன்று வாரம் கழித்து. 2014இல் இரண்டு ஆய்வாளர்கள் அவருடைய மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளைத் திரும்பப் படித்து, அந்தக் காலத்தில் வெள்ளை மாளிகைக்குத் தண்ணீர் வந்த ஊற்று கழிவு கொட்டும் இடத்துக்கு அருகே இருந்ததையும் சேர்த்துப் பார்த்து, டைஃபாய்டு வகைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். நீளமான பேச்சைவிட நகரத்துச் சாக்கடை எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

படி 3: முதன்முதலில் சொன்னது யார், எப்போது?

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் பாதிக்குமேல் துணுக்குகள் இங்கேதான் பிடிபடும்.

வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை இருக்கிறதே, அதை அவர் எங்கும் எழுதவில்லை. அவர் இறந்தது 1799. வீம்ஸ் என்ற பாதிரியார் 1800இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார், அதில்கூட இந்தக் கதை கிடையாது. 1806ஆம் வருஷப் பதிப்பில்தான் நுழைந்தது. உண்மை பேசுவதற்குப் பாடமாகச் சொல்லும் கதை, ஆள் போய் ஏழு வருஷம் கழித்துச் சேர்த்தது.

இப்போது இன்னொருவர். ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆறாவது அதிபர். விடியற்காலையில் எழுந்து போடோமாக் ஆற்றில் உடை இல்லாமல் நீந்துவார் என்பார்கள். ஆன் ராயல் என்ற பெண் எழுத்தாளர் ஒருநாள் கரையில் அவருடைய துணிமேல் உட்கார்ந்துகொண்டு, பேட்டி கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று மடக்கினார் என்பது கதையின் இரண்டாம் பாதி. நீச்சல் எப்படித் தெரியும்? அவரே எழுதியிருக்கிறார். 12 வயதில், 1779இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர் 1848இல் இறக்கும் ஆண்டுவரை விடவில்லை, மொத்தம் 51 தொகுதிகள், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் முழுவதையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது.

1825 ஜூன் 13ஆம் தேதிப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பதவிக்கு வந்து மூன்றே மாதம் ஆன அதிபர், வயது 57, ஆந்துவான் என்ற பணியாளரோடு ஒரு பழைய சின்னப் படகில் ஆற்றின் அக்கரைக்குப் போய் அங்கிருந்து நீந்தித் திரும்பலாம் என்று கிளம்புகிறார். பாதி ஆற்றில் காற்று எழும்பிப் படகில் தண்ணீர் நிரம்புகிறது, இருவரும் குதிக்கிறார்கள், ஆடம்ஸ் சட்டையைக் கழற்றாமல் குதித்ததால் கைப்பகுதிகளில் தண்ணீர் புகுந்து எடைக்கல் கட்டித் தொங்கவிட்டதுபோல் கீழே இழுக்கிறது. மூச்சு வாங்க வாங்கக் கரை சேர்ந்திருக்கிறார். ஒரு நாட்டின் தலைவர் அப்படிச் செத்திருக்கலாம், பக்கத்தில் ஒரு காவலாளிகூட இல்லை.

துணிமேல் உட்கார்ந்த கதைக்கு இப்படி எந்த ஆதாரமும் கிடையாது. ஆன் ராயல் நிஜமான ஆள்தான், ஊர் ஊராகப் போய் எழுதியவர். ஆனால் அதிபராவதற்கு முன்பே ஆடம்ஸுக்கு அவரைத் தெரியும், போர்வீரரின் மனைவி என்ற வகையில் அவருக்கு வரவேண்டிய பென்ஷனுக்காகப் பேசியும் இருக்கிறார். நேரே வீட்டுக்கே போய்ப் பார்க்கக்கூடியவர் எதற்கு ஆற்றங்கரையில் ஒளிந்து நிற்க வேண்டும்? தனியாக ஊர் சுற்றி எழுதிப் பிழைத்த ஒரு பெண்ணை ஒரு கேலிக்கதையாகச் சுருக்கிவிட்டார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

படி 4: மூலம் இருக்கும் வீட்டைத் தட்டுங்கள்

கூகுளில் வெறுமனே அதிபர் பெயரையும் விசித்திரம் என்ற சொல்லையும் போட்டால் துணுக்குத் தளங்கள்தான் வரும், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. பெயர், பொருள், அப்புறம் ஆவணம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர், மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

எங்கே போவது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வாஷிங்டன் முதல் கூலிட்ஜ் வரைக்கும் 23 அதிபர்களின் காகிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. ஹூவர் முதல் அவருக்குப் பிறகு வந்தவர்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அதிபர் நூலகங்கள். வாஷிங்டன், ஜெஃபர்சன் காலத்துக் கடிதங்கள் அச்சு எழுத்திலேயே வேண்டும் என்றால் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற இணையதளம். பழைய செய்தித்தாள்களுக்குக் குரோனிக்லிங் அமெரிக்கா என்ற இணையத் தொகுப்பு. லிண்டன் ஜான்சன், நிக்சன் போன்றவர்களின் தொலைபேசி, அறை ஒலிப்பதிவுகள் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் சென்டரில். 1964 ஆகஸ்டில் ஜான்சன் ஒரு துணி நிறுவன முதலாளிக்குப் போன் போட்டு, தன் பேண்ட் எங்கே இறுக்குகிறது, எங்கே எத்தனை அங்குலம் விடவேண்டும் என்று கூச்சமே இல்லாமல் விளக்குவதை அவர் குரலிலேயே கேட்கலாம். இதைச் சரிபார்க்க வேறு படியே தேவையில்லை.

சரி, என் மரப்பல். மவுன்ட் வெர்னான் என்பது வாஷிங்டனின் வீடு, இப்போது அருங்காட்சியகம், அவருடைய பல்செட் ஒன்று அங்கேயே இருக்கிறது. ஈயம், தந்தம், மனிதப் பல், விலங்குப் பல் எல்லாம் கலந்தது, மரம் துளியும் இல்லை. 1789இல் பதவியேற்கும்போது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த வீட்டின் கணக்கேட்டில் 1784 மே மாதம் ஒரு வரி வருகிறது: பல் மருத்துவருக்காக, கறுப்பின அடிமைகளிடமிருந்து 9 பற்கள், 6 பவுண்டு 2 ஷில்லிங். அவை வாஷிங்டன் வாய்க்குத்தான் போயின என்று ஏடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்த அன்று நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பத்து மதிப்பெண்ணுக்கு நான் சொன்ன மரத்துக்குப் பின்னால் ஒன்பது பல்லும், அதைக் கொடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

படி 5: பெயரும் எண்ணும் வந்தால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்

லிங்கன், கென்னடி ஒற்றுமைப் பட்டியல் உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். 1860, 1960இல் தேர்தல் வெற்றி, உண்மை. இருவருக்கும் பின்னால் வந்தவர்கள் ஜான்சன்கள், ஒருவர் பிறந்தது 1808, இன்னொருவர் 1908, இதுவும் உண்மை. கென்னடியின் செயலாளர் பெயர் லிங்கன், ஆமாம், ஈவ்லின் லிங்கன். லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்பதில்தான் சறுக்கல், அவருக்கு இருந்தவர்கள் நிகோலேயும் ஹேயும். இருவரையும் சுட்டவர்கள் பிறந்தது 1839, 1939 என்பதிலும் முதல் எண் தப்பு, லிங்கனைச் சுட்ட பூத் பிறந்தது 1838. பொருந்தாததை இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

அதே லிங்கன் காப்புரிமை வாங்கிய ஒரே அதிபர் என்றும் ஒரு துணுக்கு உண்டு. எண் 6,469, 1849 மே 22, மணல்திட்டில் சிக்கும் படகைத் தூக்கிவிடும் கருவி. கூகுள் பேடன்ட்ஸில் எண்ணைப் போடுங்கள், படத்தோடு வரும்.

படி 6: மறுப்பு வந்திருந்தால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள்

ஒன்றிரண்டு பொய்யைப் பிடித்ததும் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளத் தோன்றும், எனக்கும் தோன்றியது. க்ரோவர் கிளீவ்லண்ட் அதிபராக இருக்கும்போதே ஒரு படகில் ஒளிந்து வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார் என்று கேட்டால் சினிமாக் கதைபோல் இருக்கும். 1893 ஜூலை 1 அன்று நண்பர் ஒருவரின் ஒனைடா என்ற உல்லாசப் படகில், தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இடது மேல்தாடையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். முழுக்க வாய்க்குள்ளேயே செய்ததால் வெளியே தழும்பு இல்லை, மீசையும் அப்படியே இருந்தது. பிறகு ரப்பரில் ஒரு அச்சு செய்து பொருத்தினார்கள், பேச்சு பழையபடி வந்துவிட்டது. நாடு பெரிய நிதி நெருக்கடியில் இருந்த நேரம், அதிபருக்குப் புற்று என்று தெரிந்தால் சந்தை இன்னும் சரியும் என்று பயம்.

இரண்டு மாதம் ஆவதற்குள் எட்வர்ட்ஸ் என்ற நிருபர் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றில் விஷயத்தை எழுதிவிட்டார். அதிபர் தரப்பு மறுத்தது, பல்வலி என்றது, நிருபரைப் பொய்யர் என்றார்கள், ஜனங்களும் அதையே நம்பினார்கள். 1917இல், கிளீவ்லண்ட் இறந்து ஒன்பது வருஷம் ஆனபின், ஆபரேஷனில் கலந்துகொண்ட கீன் என்ற டாக்டர் எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதியபோதுதான் எட்வர்ட்ஸின் பெயர் சுத்தமானது. 24 வருஷம் அந்த மனிதர் பொய்யர் பட்டத்தோடு வாழ்ந்திருக்கிறார். வெட்டி எடுத்த கட்டி இன்றும் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படி 7: பகிர்வதற்கு முன் திரும்ப எழுதுங்கள்

கிடைத்ததை வைத்து நீங்களே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள், தேதியும் ஆவணம் இருக்கும் இடமும் அதற்குள் வரட்டும். உதாரணத்துக்கு ஜேம்ஸ் கார்ஃபீல்டு. ஒரே நேரத்தில் ஒரு கையால் லத்தீன், மறு கையால் கிரேக்கம் எழுதுவார் என்று வரும் துணுக்குக்கு, அதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் யாரும் அகப்படமாட்டார்கள். அதை விட்டுவிட்டு இப்படி எழுதலாம்: "லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஆசிரியர் கார்ஃபீல்டு, காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது 1876இல் பிதாகரஸ் தேற்றத்துக்குச் சரிவகத்தை வைத்துப் புதிதாக ஒரு நிரூபணம் வெளியிட்டார்; ஐந்து வருஷம் கழித்து அதிபரானார்." ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கக்கூடிய நிரூபணம் அது.

இனி உங்கள் முறை. இரண்டு துணுக்கு தருகிறேன். ஆடம்ஸ் வெள்ளை மாளிகையில் முதலை வளர்த்தார் என்பது ஒன்று. கூலிட்ஜுக்கு விருந்துச் சமையலுக்கென்று அனுப்பிய ரக்கூனை அவர் வீட்டில் ரெபெக்கா என்று பெயர் வைத்து வளர்த்தார்கள் என்பது இன்னொன்று. முதலைக்கு மேலே சொன்ன நாட்குறிப்பில் தொடங்குங்கள். ரக்கூனுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் புகைப்படப் பிரிவில் அவர் மனைவி கிரேஸ் கூலிட்ஜ் பெயரையும் ரக்கூன் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.