தேர்தல் முடிவு அட்டவணை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த இருவரிடம், தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முடிவுகளைக் கட்சிவாரியாக அட்டவணையிடச் சொன்னேன். மாலைக்குள் இருவரும் என் பழைய தவறுகளை ஒன்றுவிடாமல் செய்திருந்தார்கள். கூட்டல் பிழையும் பெயர்ப் பிழையும் மறுவாசிப்பில் அகப்பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். எத்தனை முறை படித்தாலும் சரியாகவே தோன்றும் தவறுகள்தான் கவலை தருகின்றன.

நின்ற தொகுதிகளை எண்ணாமல் வாக்கு விழுக்காட்டை ஒப்பிடுவது

இதை இன்று பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. 2016 தேர்தலில் அதிமுக பெற்ற வாக்கு சுமார் 41 விழுக்காடு, திமுக பெற்றது சுமார் 32. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ‘ஒன்பது விழுக்காடு இடைவெளி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டேன். எண்கள் சரி, கழித்தலும் சரி. பக்கம் அச்சாகிவிட்டது.

நான்காம் நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நீல மையில் ஒரே வரி: “உதயசூரியன் எத்தனை தொகுதியில் நின்றது என்று எண்ணிப் பார்த்தீர்களா?”

எண்ணிப் பார்த்தேன். அதிமுக தன் தோழமைக் கட்சியினரையும் இரட்டை இலையிலேயே நிறுத்தியிருந்தது. மாநிலம் முழுவதும் அந்தச் சின்னம் இருந்தது. திமுகவோ காங்கிரசுக்கு மட்டும் 41 தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது. முஸ்லிம் லீக் முதலிய மற்றவர்களுக்கும் கொடுத்தது போக, உதயசூரியன் நின்றது ஏறக்குறைய 180 தொகுதிகளில்தான். அந்த 41 தொகுதிகளில் திமுக தொண்டர் கை சின்னத்தில் போட்ட வாக்கு காங்கிரஸ் கணக்கில் ஏறியது. கூட்டணியோடு கூட்டணியை ஒப்பிட்டால் இடைவெளி ஏறக்குறைய ஒரே ஒரு விழுக்காடு! கடும் போட்டியாக நடந்த தேர்தலை ஒருபக்கத் தேர்தலாகக் காட்டிவிட்டேன். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம், உள்பக்கத்தில் நான்கு வரி. முதல் பக்கத் தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

இப்போது அந்தப் புதியவர்கள் செய்ததும் இதே தவறுதான். 2021இல் பாஜகவும் மக்கள் நீதி மய்யமும் ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு பெற்றதால், ‘சமபலம்’ என்று எழுதிவிட்டார்கள். பாஜக அதிமுக கூட்டணியில் 20 தொகுதிகளில் நின்று 4 இடங்களில் வென்றது. மய்யம் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்று ஓர் இடமும் பெறவில்லை. நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் தனித்து நின்று 6.58 விழுக்காடு பெற்றது. 25 தொகுதிகளில் மட்டும் நின்ற காங்கிரசுக்குச் சுமார் 4.3. இதை வைத்துக் காங்கிரசை நாம் தமிழருக்குக் கீழே வரிசைப்படுத்துவது எப்படி நியாயமாகும்? நின்ற இடங்களில் காங்கிரஸ் பெற்றது பத்தில் நான்கு வாக்கு அளவுக்கு. அதில் கூட்டணியின் வாக்கும் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் ‘போட்டியிட்ட தொகுதிகளில் பெற்ற வாக்கு விழுக்காடு’ என்று தனி நெடுவரிசையே இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அட்டவணையில் வாக்கு விழுக்காட்டுக்கு முன்னால் ‘நின்றவை’ என்ற நெடுவரிசை இல்லையென்றால் அந்தப் பக்கத்தை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

சின்னத்தைக் கட்சியாக எண்ணுவது

2021இல் திமுக வென்ற இடங்கள் 133 என்பார்கள், 125 என்பார்கள். இரண்டும் சரி. மதிமுகவின் 4 பேர், மனிதநேய மக்கள் கட்சியின் 2 பேர், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றின் தலா ஒருவர் உதயசூரியனில் நின்று வென்றவர்கள். ஆணையத்தின் கணக்கில் அவர்கள் திமுக. எந்த எண்ணைப் போட்டாலும் அடிக்குறிப்பு வேண்டும். 133 என்று போட்டுவிட்டு மதிமுகவுக்குத் தனியாக 4 சேர்த்தால், அந்த நால்வரை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

முன்னிலையை வெற்றி என்பது

வெற்றி வித்தியாசத்தைப் பாருங்கள். 2016, ராதாபுரம்: 49 வாக்கு. 2021, தியாகராய நகர்: 137 வாக்கு. எண்ணி முடியும்வரை காத்திருங்கள்.

தேதி போடாத மொத்தம்

2016 மே மாதம் அதிமுகவுக்கு 134 இடங்கள். அன்று முடிவு வந்தது 232 தொகுதிகளுக்குத்தான். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டு நவம்பரில் நடந்தது. இரண்டிலும் அதிமுக வென்றதால் 136 ஆனது. புதியவர்களில் ஒருவர் 134 என்று எழுதினார், மற்றவர் 136 என்று எழுதினார். இருவர் அட்டவணையிலும் தேதி இல்லை.