காவல் அதிகாரி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது: தற்காப்பு வாதத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

2021 ஏப்ரலில் எங்கள் வீட்டில் யாரும் நேரத்துக்குத் தூங்கவில்லை. அமெரிக்காவின் மினியாபோலிஸில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே சிங்கப்பூரில் இரவு பத்து. ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்துக்காக டெரெக் ஷாவின் என்ற காவல் அதிகாரிமீது நடந்த விசாரணை முழுவதும் நேரலையில் வந்தது. மாமா துணைப் போலிஸில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். தம்பி அப்போதுதான் போலிஸில் கட்டாயத் தேசிய சேவையை முடித்திருந்தான். "அந்த இடத்துல நின்னு பாத்தாதான்டா தெரியும், உயிருக்குப் பயந்து செஞ்சிருப்பான்" என்பார் மாமா. "விலங்கு மாட்டிக் குப்புறப் படுக்க வச்ச ஆளப் பாத்து என்ன பயம் மாமா?" என்று நான் எகிறுவேன். மூன்று வாரம் இதே சண்டை.

கடைசியில் ஷாவினுடைய வழக்கறிஞரின் நிறைவுரையைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது. பயிற்சியில் சொல்லித்தந்த அளவில்தான் அவர் பலத்தைப் பயன்படுத்தினார், சுற்றி நின்ற கூட்டம் கவனத்தைச் சிதறடித்தது, மரணத்துக்குக் காரணம் இதய நோயும் போதைப்பொருளும். இவைதான் அவர்கள் முன்வைத்த வாதங்கள். "என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன்" என்பது அதன் மையத்தில் இல்லவே இல்லை. ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின், முன் வைக்கப்படாத ஒரு கேள்விக்காக நானும் மாமாவும் தொண்டை வறளக் கத்தியிருந்தோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. காவல் அதிகாரி ஒருவர் மீது வழக்கு என்றாலே காப்பிக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். உயிர் போன விஷயத்தில் இப்படி மேம்போக்காகப் பேசுவது இறந்தவருக்கும் நியாயம் இல்லை, கூண்டில் நிற்பவருக்கும் நியாயம் இல்லை என்பது என் எண்ணம்.

முதல் சறுக்கல் சொல்லிலேயே இருக்கிறது

இங்குள்ள தமிழ்ச் செய்திகளில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவரைத் 'தற்காப்பு வழக்கறிஞர்' என்று எழுதுகிறோம். எதிரி தாக்கியதால் திருப்பி அடித்தேன் என்பதற்கும் 'தற்காப்பு' என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. 'தற்காப்புத் தரப்பு வாதிட்டது' என்ற தலைப்பைப் பார்த்தவுடன், அந்த அதிகாரி உயிருக்குப் பயந்ததாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் நான் இல்லை என்று வாதிடலாம். கை தவறிவிட்டது என்று வாதிடலாம். மரணத்துக்குக் காரணம் வேறு என்று வாதிடலாம். தற்காப்பு உரிமை இவற்றில் ஒரு வகை மட்டுமே. செய்தியைத் திறந்ததும் நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: குற்றச்சாட்டு என்ன, அதற்கு அவர் தரும் பதில் எந்த வகை?

ஏனென்றால் 'தற்காப்பு' என்று சொல்பவர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு, டாலஸ் நகரக் காவல் அதிகாரி ஆம்பர் கைகர் வேலை முடிந்து சீருடையோடு வீடு திரும்பினார். அவர் வசித்தது மூன்றாவது மாடி. நுழைந்ததோ நான்காவது மாடியில், அதே இடத்தில் இருந்த பொத்தம் ஜானின் வீட்டுக்குள். தன் வீட்டில் ஏதோ திருடன் இருப்பதாக நினைத்துச் சுட்டேன் என்றார். சாட்சிக் கூண்டில் ஏறியபோது, சுடும்போது கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அரசு தரப்பு கேட்டது. இருந்தது என்றார். கேட்ட பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது, வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் தற்காப்பு வாதத்தின் இயல்பே அதுதான். சுட்டேன், வேண்டுமென்றேதான் சுட்டேன், ஆனால் அதற்கு எனக்கு உரிமை இருந்தது. இப்படித்தான் அந்த வாதம் நிற்க முடியும்.

இதை 'தவறுதலாக நடந்துவிட்டது' என்பதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 2021இல் டான்டே ரைட்டைச் சுட்ட கிம் பாட்டர், மின்னதிர்ச்சி தரும் டேசரை எடுப்பதாக நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்றார். அது விபத்து வாதம். அவருடைய வழக்கறிஞர்கள், துப்பாக்கியைப் பயன்படுத்தவும் அந்த நேரத்தில் அவருக்கு உரிமை இருந்தது என்று கூடவே சொல்லிப் பார்த்தார்கள். ஜூரி இரண்டையும் ஏற்கவில்லை.

பயந்தாரா, பயந்தது நியாயமா?

மாமாவும் நானும் அதிகமாகத் தடுமாறிய இடம் இது. "உண்மையிலேயே பயந்துதான்டா செஞ்சான்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் நடிப்பு" என்று மற்றவர் சொல்வார். பயம் உண்மை என்று நிரூபித்துவிட்டால் ஆள் விடுதலை, பொய் என்றால் கொலைகாரர் என்று இருவருமே நினைத்துக்கொண்டு பேசுவோம். சட்டம் அங்கே நிற்பதில்லை. பயம் உண்மையானதா என்று ஒரு கேள்வி. அதே இடத்தில் நிதானமுள்ள ஒருவர் இருந்திருந்தால் அப்படிப் பயந்திருப்பாரா என்பது இன்னொரு கேள்வி.

இரண்டுக்கும் இடைப்பட்ட பதில் எப்படி இருக்கும் என்பதற்கு சிகாகோவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2014 அக்டோபரில் ஜேசன் வான் டைக் என்ற அதிகாரி, கையில் கத்தியோடு சாலையில் நடந்துகொண்டிருந்த 17 வயது லக்வான் மெக்டொனல்டை 16 முறை சுட்டார். 2018இல் ஜூரி அவரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்றது. இலினோய் மாநிலத்தில் அந்தக் குற்றத்துக்கு ஒரு தனிப் பொருள் உண்டு: சுட்டவர் தன்னைக் காத்துக்கொள்வதாக உண்மையிலேயே நம்பினார், ஆனால் அந்த நம்பிக்கை நியாயமானது இல்லை. அதோடு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்றாக 16 கடும் தாக்குதல் குற்றச்சாட்டுகளும் உறுதியாயின. கிடைத்த தண்டனை 6 ஆண்டு 9 மாதம். "கொலைன்னு சொல்லிட்டு ஏழு வருஷம்கூட இல்லையா?" என்று கோபப்பட்டவர்கள் பலர். கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு எதைச் சொன்னது என்று தெரிந்துகொண்டு கோபப்படுவது வேறு.

கைகரின் வழக்கில் நீதிபதி, தன் வீட்டைக் காக்கும் உரிமையையும் கருத்தில் கொள்ளலாம் என்று ஜூரிக்கு வழிவிட்டார். உடனே இங்கே ஒரு நண்பர், "அவ்வளவுதான், விடுதலைதான்" என்று எழுதினார். ஒரு வாதத்தைப் பரிசீலிக்க அனுமதிப்பதும் அதை ஏற்றுக்கொள்வதும் ஒன்றில்லை. ஜூரி கொலைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. 10 ஆண்டு சிறை.

கோவன் வழக்கு

"நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?" என்று கேட்பவர்களுக்கு நான் சிங்கப்பூரின் கோவன் வட்டாரத்தில் நடந்த இரட்டைக் கொலை வழக்கை நினைவுபடுத்துவேன். 2013 ஜூலை 10ஆம் தேதி நடந்தது. குற்றவாளி இஸ்கந்தர் ரஹ்மத், அப்போது பணியில் இருந்த காவல் அதிகாரி. கடன் கழுத்தை நெரித்தது, வேலையே போகும் நிலை. வாகனப் பட்டறை நடத்திய ஒரு முதியவர் பாதுகாப்புப் பெட்டகத்தில் பெரிய தொகை வைத்திருந்தது அவருக்குத் தெரியவந்தது. தன்னை உளவுப் பிரிவு அதிகாரி என்று சொல்லி அவரை ஏமாற்றி, கூடவே அவர் வீடு வரை போனார். அங்கே முதியவரும், பின்னர் வந்த அவருடைய மகனும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மலேசியாவின் ஜோகூர் பாருவில் இஸ்கந்தர் பிடிபட்டார்.

விசாரணையில் இவர் சொன்னது தற்காப்புதான். ஏமாற்றியது தெரிந்ததும் முதியவர் கத்தியோடு பாய்ந்தார், அதனால்தான் என்றார். திடீர்ச் சண்டை என்ற வாதத்தையும் வைத்தார். உயர் நீதிமன்றம் 2015இல் இரண்டையும் நிராகரித்து மரண தண்டனை விதித்தது. 2017இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. 2025 பிப்ரவரி 5ஆம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த வழக்கை அமெரிக்க வழக்குகளோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பெரிய தவறு. அவர் ரோந்துப் பணியில் இருக்கவில்லை, யாரையும் கைதுசெய்யப் போகவில்லை, திருடப் போனார். அதேசமயம் தற்காப்பு வாதத்தை எடைபோடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆபத்தை வரவழைத்தது யார்? போலிஸ் பயிற்சி பெற்ற, வயதில் இளைய ஒருவருக்கு வேறு வழியே இல்லையா? காயங்கள் உடம்பில் எங்கே விழுந்திருக்கின்றன? மடக்கிப் பிடிக்கவும் தப்பி ஓடவும் வேண்டியவர் தலை, கழுத்து, நெஞ்சு என்று குத்துவாரா? மாமாவிடம் இந்தக் கேள்விகளை வைத்தபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மடக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

அமெரிக்கச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து பேசுவது

நேரலையும் படமும் பார்த்துப் பார்த்து, அங்குள்ள விதிகளே எல்லா ஊருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். முக்கியமான வேறுபாடு நிரூபிக்கும் பொறுப்பில் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் தற்காப்புக்கு ஓரளவு ஆதாரம் முன்வைக்கப்பட்டுவிட்டால், அது தற்காப்பு இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசு தரப்புதான் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் குற்றத்தை நிரூபிப்பது அரசு தரப்பின் வேலை என்றாலும், தற்காப்பு உரிமை போன்ற விதிவிலக்கைக் கோருபவர் அதைத் தானே நிறுவ வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி என்ற அளவுக்குப் போக வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். "சந்தேகம் வந்தாலே விட்டுடணும்" என்று இங்குள்ள வழக்குக்குச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

தண்டனைச் சட்டத்தில் 96ஆம் பிரிவில் தொடங்கி இந்த உரிமை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நியாயமான வாய்ப்பு இருந்தால் அதைத்தான் நாட வேண்டும். இரண்டும் அதில் அடக்கம். நல்லெண்ணத்தோடு தற்காப்பில் இறங்கி எல்லை மீறிக் கொன்றுவிட்டால், கொலைக் குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையவும் வழி உண்டு. முழு விடுதலை அல்லது தூக்கு என்று இரண்டே கதவுகள் இருப்பதாகப் பேசுவது சரியில்லை.

ஜூரி இங்கே கிடையாது. 1969இல் நாடாளுமன்றம் அதை முற்றாக ஒழித்துவிட்டது, புகழ்பெற்ற வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தும்கூட. இதனால் வாசகருக்கு ஒரு நன்மை உண்டு. ஜூரி 'குற்றவாளி' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும், ஏன் என்று சொல்லாது. நம் உயர் நீதிமன்றத்தில் கொலை வழக்கு என்றால், எந்தச் சாட்சியை ஏன் நம்பினேன், எதை ஏன் நம்பவில்லை என்று நீதிபதி பக்கம் பக்கமாக எழுதுகிறார். அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செய்தியின் மூன்று பத்தியோடு நிறுத்திக்கொண்டு வாதாடுவதில் அர்த்தமே இல்லை.

காணொளி

படம் பிடித்திருக்கிறார்களே, அப்புறம் விசாரணை எதற்கு என்று கேட்கிறார்கள். காணொளி இல்லாமல் போயிருந்தால் பல உண்மைகள் புதைந்திருக்கும், அதை மறுக்கவே முடியாது. ஃபிளாய்ட் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை அதை ஒரு 'மருத்துவச் சம்பவம்' என்றுதான் சொன்னது. மெக்டொனல்ட் போலிஸாரை நோக்கி வந்தார் என்று அதிகாரிகள் எழுதி வைத்திருந்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக வெளிவராமல் இருந்த போலிஸ் வாகனக் காட்சியில் அவர் விலகி நடப்பது தெரிந்தது.

ஆனாலும் காணொளி ஒரு சாட்சிதான். அதையும் மற்ற சாட்சிகளைப் போல நிதானமாகப் பார்க்க வேண்டும். ஷாவின் தன் முழங்காலால் ஃபிளாய்டை அழுத்திய நேரம் 8 நிமிடம் 46 வினாடி என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது, ஊர்வலங்களில் அத்தனை நேரம் மௌனம் காத்தார்கள். விசாரணையில் வெவ்வேறு கேமராக்களை ஒப்பிட்டு அரசு தரப்பு சொன்ன கணக்கு 9 நிமிடம் 29 வினாடி. படமே கையில் இருந்தும் இவ்வளவு வித்தியாசம். அப்படியிருக்க, ஒருவர் பகிர்ந்த இருபது வினாடித் துண்டை வைத்து யார் முதலில் கை ஓங்கியது என்று நாம் எப்படி முடிவெடுப்பது?

இன்று எந்தத் தரப்பு ஜெயித்தது என்று நாள்தோறும் புள்ளி போடுவதும் இதே போன்றதுதான். அரசு தரப்பு முதலில் பேசும், அதனால் முதல் வாரங்களில் எல்லாம் ஒரு பக்கமாகவே தெரியும். குறுக்கு விசாரணை முடியும்வரை எந்தச் சாட்சியும் முழுச் சாட்சி ஆகாது.

வழக்கு நடக்கும்போது எழுதுவது

இது நம்மை நேரடியாகத் தொடும் விஷயம். டாலஸ் வழக்கைப் பற்றி இங்கிருந்து என்ன எழுதினாலும் அந்த ஜூரியின் காதுக்கு எட்டப் போவதில்லை. சிங்கப்பூரில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு அப்படியில்லை. 2016இல் நிறைவேறி 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிலுவையில் உள்ள வழக்கை முன்கூட்டியே தீர்மானித்து, விசாரணைக்குக் குந்தகம் ஏற்படும் உண்மையான அபாயத்தை உண்டாக்கும் வகையில் வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். உயர் நீதிமன்ற அளவில் அதிகபட்சம் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "இவன் பழைய ஆளு, போன வருஷமே இப்படித்தான் செஞ்சான்" என்று ஃபேஸ்புக்கில் போடுவதும், சாட்சி சொல்லப் போகிறவரின் படத்தைப் பகிர்வதும் வெறும் ஆர்வக் கோளாறோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக வாயே திறக்கக் கூடாது என்றில்லை. நீதிமன்றத்தில் நடந்ததை உள்ளபடி, நேர்மையாக, நல்லெண்ணத்தோடு எடுத்துச் சொல்வதற்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. திறந்த நீதிமன்றத்தில் பார்வையாளர் இருக்கையில் யாரும் போய் உட்காரலாம், கைப்பேசியில் பதிவுசெய்ய மட்டும் அனுமதி இல்லை. மாமாவுக்கு இப்போது ஓய்வு நேரம் நிறைய. ஒருமுறை உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு என்னோடு வந்து, ஒரு முழு நாள் குறுக்கு விசாரணையைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில், "நாளைக்கும் போவோமா?" என்றார்.