காதுகேளாத யூதர்களை நினைவுகூரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாஜிப் படுகொலைகளுக்குப் பலியானவர்களை நினைவுகூரும் நாளான சனவரி 27 நெருங்கும்போதெல்லாம், நாஜிகளின் கொடுமைக்குப் பலியான காதுகேளாத யூதர்களைப் பற்றி எழுதவும் அஞ்சலிக் கூட்டம் நடத்தவும் புதியவர்கள் முன்வருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்த வேலையில் பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் ஆண்டுதோறும் திரும்ப வருகின்றன. பார்த்தவுடன் தெரியும் பிழைகளை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறோம்.

17,000 என்ற எண்

“நாஜிகள் 17,000 காதுகேளாத யூதர்களைக் கொன்றார்கள்.” எத்தனை முறை திருத்தினாலும் இந்த வரி சாகவில்லை. ஒரே வரியில் மூன்று பிழைகள். அது கொலைக் கணக்கே அல்ல, கட்டாயக் கருத்தடைக் கணக்கு. யூதர்களை மட்டும் குறிப்பதும் அல்ல, ஜெர்மனியின் காதுகேளாதோர் அனைவரையும் சேர்த்தது. எண்ணி எடுத்ததும் அல்ல, ஆய்வாளர் ஹோர்ஸ்ட் பீசோல்ட் தந்த மதிப்பீடு.

குழப்பத்தின் வேர், இரண்டு வெவ்வேறு கொடுமைகளை ஒன்றாக்குவது. 1933 ஜூலை 14இல் இயற்றி 1934 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பரம்பரைக் காதுகேளாமையைக் கருத்தடைக்குரிய ‘நோய்’களில் சேர்த்தது. அங்கே கேள்வி உடலைப் பற்றியது. தீர்ப்பு சொன்னது ‘பரம்பரை நல’ நீதிமன்றம். யூதர்கள் மீதான வேட்டை பாட்டன் பாட்டியின் மதத்தைக் கேட்டது. அது நாடுகடத்தும் ரயிலில் போய் முடிந்தது. ஒரே ஆள் இரண்டிலும் சிக்கியிருக்கலாம். அதனாலேயே தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் கலந்தால் கசப்பான ஓர் உண்மை மறைந்துபோகிறது. ஜெர்மன் காதுகேளாதோரின் தேசியச் சங்கமே 1933இல் தன் யூத உறுப்பினர்களை வெளியேற்றியது. ஒரே பள்ளியில் படித்து, ஒரே சைகைமொழியில் பேசிப் பழகியவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவர்களில் சிலர் நாஜிச் சீருடையும் அணிந்தார்கள். அப்படிச் சாத்தியவர்களில் சிலரே பிறகு கருத்தடைக்கும் ஆளானார்கள். “காதுகேளாதோர் எல்லாரும் ஒன்றாகத் துன்பப்பட்டார்கள்” என்று எழுதும்போது, வெளியே தள்ளப்பட்டவர்களின் பெயர் இரண்டாம் முறையும் அழிகிறது.

செய்ய வேண்டியது: ஒவ்வொருவருக்கும் தனித் தாள் வையுங்கள். கருத்தடை, மருத்துவமனைக் கொலை, நாடுகடத்தல் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். ஆவணம் கிடைத்த கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். ஒன்றில் கிடைத்ததை வைத்து மற்றொன்றை ஊகிக்காதீர்கள். 1940இல் மருத்துவமனைகளிலிருந்த யூத நோயாளிகளைத் தனியாகப் பிரித்து மொத்தமாகக் கொன்றதும் நடந்திருப்பதால் நடுக்கட்டத்தை விட்டுவிடக் கூடாது.

முகவரியையே சான்றாக்குவது

மார்க்குஸ் ரைஹ் 1873இல் தொடங்கிய யூதக் காதுகேளாதோர் பள்ளி, 1890 முதல் பெர்லின் வைசென்சேயில் பார்க் தெரு 22இல் இருந்தது. அவருக்குப் பின் மகன் ஃபெலிக்ஸ் நடத்தினார். அவர் 1939இல் பத்துப் பிள்ளைகளை இங்கிலாந்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மற்றவர்களை அழைத்துவரத் திரும்புவதற்குள் போர் மூண்டுவிட்டது. 1942இல் அந்த வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் 146 பேர் என்கிறது அங்குள்ள நினைவுப் பலகை.

இதைப் படித்ததும் அந்த முகவரியில் பதிவான எல்லாரையும் காதுகேளாதோர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பள்ளியென்றால் ஆசிரியர்களும் பணியாளர்களும் குடியிருப்பார்கள். பலியான யூதர்களைப் பட்டியலிடும் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் நினைவு நூல் பிறப்பு, வசிப்பிடம், நாடுகடத்தல், இறுதிக் கதி ஆகியவற்றைத் தரும்; காதுகேளாமையைச் சொல்லாது. மாணவர் பதிவேடு, சங்க உறுப்பினர் பட்டியல், குடும்பத்தார் சாட்சியம் ஆகியவற்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

‘இஸ்ரயேல்’, ‘சாரா’ என்று வாசிப்பது

1938 ஆகஸ்ட் ஆணைப்படி, ‘யூதப் பெயர்’ இல்லாத யூதர்கள் 1939 சனவரியிலிருந்து ஆணானால் இஸ்ரயேல், பெண்ணானால் சாரா என்று கூடுதல் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிந்தைய தாளிலிருந்து அப்படியே எடுத்து மேடையில் வாசித்தால் நாஜி ஆணையை நாமே மறுபடி நிறைவேற்றுகிறோம். பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, அங்கே இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

‘செவிட்டூமை’

காதுகேளாதோரைக் குறிக்கும் இந்த இழிசொல், பழைய ஜெர்மன் நிறுவனப் பெயரிலேயே இருந்தாலும் வேண்டாம்.

கொக்கி மூக்குச் சைகை

சில சைகைமொழிகளில் ‘யூதர்’ என்பதற்கான பழைய, இழிவுபடுத்தும் சைகை அதுதான். மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே பேசித் தாடிச் சைகைக்கு மாற்றுங்கள்.

சாட்சியத்தின் நடுவே புகைப்படம்

உயிர்பிழைத்தவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது பழைய படத்தைத் திரையில் போட்டால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். உச்சந்தலைக்கு மேல் சற்று இடம், கீழே இடுப்புவரை, இரு முழங்கையும் அகல விரிய இடம், கையின் நிறத்திலிருந்து வேறுபட்ட வெறும் பின்னணி: இப்படிப் படமெடுங்கள். புகைப்படத்தை அவர் கையை இறக்கிய பிறகு காட்டுங்கள்.

விளக்கணைத்து மௌன அஞ்சலி

“ஒரு நிமிடம் மௌனம்” என்று ஒலிபெருக்கியில் சொல்லி, அரங்கை இருட்டாக்கி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது காதுகேளாதவருக்குத் தெரிவதில்லை. இருட்டில் மொழிபெயர்ப்பாளரும் தெரிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். அவர் கையை உயர்த்தினால் தொடக்கம், இறக்கினால் முடிவு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.