இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும்போது தின்னரிலும் பிரஷிலும் நேரும் தவறுகள்

மும்பையில் மழை இறங்குவதற்கு முன் ஜன்னல் கிரில்லுக்கும் பால்கனிக் கம்பிகளுக்கும் பெயின்ட் அடித்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம், தாராவியிலிருந்து முலுண்ட் வரை நம்மவர் வீடுகள் பலவற்றிலும் மே மாதத்தில் தொற்றிக்கொள்கிறது. கடற்காற்றின் உப்பும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் ஈரமும் சேர்ந்து, பூச்சு மெலிந்த இடத்தில் துருவைச் சீக்கிரமே கிளப்பிவிடும் என்பதால் அந்த அவசரம் நியாயமானதுதான். ஆனால் பெயின்ட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, அதில் எதைக் கலக்கிறோம், பிரஷை எதில் கழுவுகிறோம் என்பதில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். பூச்சு அடுத்த ஆண்டே உரிந்தால் பழி பெயின்ட்டின் மேல் விழுகிறது. கலந்த திரவத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவற்றுள் பெரிய தவறு, தின்னர் என்றால் எல்லாப் பெயின்ட்டுக்கும் பொதுவான ஒரு திரவம் என்று எண்ணுவது. கடையில் போய் வெறுமனே ‘ஒரு பாட்டில் தின்னர்’ என்று கேட்டால், எனாமல் அடிக்கப்போகிறவர் கையிலும் வேறு வகைப் பெயின்ட்டுக்கான என்.சி. தின்னர் வந்து சேரக்கூடும். வீட்டு இரும்பு வேலைக்கு நாம் வழக்கமாக வாங்கும் சிந்தெடிக் எனாமலுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமருக்கும் உரியது மினரல் டர்பன்டைன், எம்.டி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வதும் இதையே. என்.சி. தின்னர், நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கு உரியது. ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைத் தனியே கலந்து அடிக்கும் எபாக்சிக்கும் பி.யு.வுக்கும் (பாலியூரிதேன்) தனித்தனித் தின்னர் இருக்கிறது. தண்ணீர் கலக்கும் எனாமலும் இப்போது வருவதால், டப்பாவின் முதுகில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஒவ்வொரு பெயின்ட்டும் காயும் விதம் வேறு என்பதே. எனாமல் இரண்டு கட்டங்களில் காய்கிறது: முதலில் டர்பன்டைன் ஆவியாகிப் போகிறது, பிறகு அதிலுள்ள எண்ணெய் சார்ந்த ரெசின், அதாவது பூச்சாக நிற்கும் பிசின், காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. என்.சி. பெயின்ட் வெறுமனே ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. ஆகவே காய்ந்த பிறகும் அதன் தின்னர் பட்டால் மறுபடி கரையும். எபாக்சியும் பி.யு.வும் ஹார்டனருடன் வினைபுரிந்து இறுகுகின்றன. இதைப் புரிந்துகொண்டால், எதில் கலப்பது, எதில் கழுவுவது, எவ்வளவு நேரத்துக்குள் கழுவுவது என்ற கேள்விகள் பெரும்பாலும் தாமாகவே தெளிந்துவிடும். எனாமலில் என்.சி. தின்னரை ஊற்றினால் ரெசின் திரிந்து கட்டி தட்டக்கூடும். அப்படித் திரியாவிட்டாலும், அதன் வீரியம் அடியிலுள்ள பழைய எனாமலையோ இன்னும் முழுதாக இறுகாத ரெட் ஆக்சைடையோ இளக்கி, பூச்சைத் தோல் சுருங்கியதைப் போல மடிப்பு மடிப்பாக எழுப்பிவிடும். பி.யு.வில் அதே தின்னரைக் கலந்தால், அதில் இருக்கக்கூடிய ஆல்கஹால் ஹார்டனரைத் தின்றுவிடுவதால், பூச்சு பார்வைக்குக் காய்ந்திருந்தும் உரிய கெட்டித்தன்மையை அடையாது. ஐயம் இருந்தால், பழைய கரண்டி ஒன்றில் கொஞ்சம் பெயின்ட்டையும் தின்னரையும் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். திரிந்தாலோ, இழை இழையாகப் பிரிந்தாலோ, அந்தத் தின்னர் அந்தப் பெயின்ட்டுக்கு ஆகாது.

விலை மலிவு என்பதற்காக மண்ணெண்ணெய் கலப்பது இன்றும் நடக்கிறது. மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாகும், போகும்போது எண்ணெய்ப் பசையையும் விட்டுப் போகும்; அதனால் பூச்சு நாள் கணக்கில் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, பளபளப்பு மங்கி நிற்கும். துருவைச் சுரண்டிய பின் இரும்பைக் கடைசியாக மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பதும் இதே காரணத்தால் தவறு. சுத்தமான துணியில் டர்பன்டைனைத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். பெட்ரோலைப் பற்றி இரண்டு கருத்துக்கே இடமில்லை. டர்பன்டைன் ஏறக்குறைய 40 டிகிரி வெப்பத்தை ஒட்டியே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிறது. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அந்த நிலையை எட்டிவிடும். ஒரே அறையில் அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் நம் வீடுகளில் அதைத் திறந்து வைப்பது உயிரோடு விளையாடுவது. என்.சி. தின்னருக்கும் சாதாரண அறை வெப்பமே போதுமானது. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். பால்கனியில்தானே அடிக்கிறோம் என்று எண்ணாமல், வேலை முடிந்து வாடை போகும்வரை விளக்கேற்றுவதையும் அடுப்பு மூட்டுவதையும் தள்ளி வைக்க வேண்டும்.

எவ்வளவு கலப்பது என்பதில் நடக்கும் தவறு பெரும்பாலும் டப்பாவின் அடியில் தொடங்குகிறது. கடையில் மாதக்கணக்கில் நின்ற டப்பாவைத் திறந்தால் மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். நிறத்தையும் மறைப்பையும் தரும் தூள் அடியில் களிமண்ணாகப் படிந்திருக்கும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்காமல் மேலாக அடிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் பெயின்ட் நீர்த்தும், பாதி டப்பாவுக்குப் பிறகு கெட்டியாகவும் தெரியும். அந்தக் கெட்டிக்குத் தின்னரை ஊற்றுவார். நன்கு கலக்கிய பெயின்ட்டுக்குப் பல நேரங்களில் தின்னரே தேவைப்படாது. மேலே ஆடை படிந்திருந்தால் அதைக் கலக்கிவிடாமல் ஓரத்தில் அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, மிச்சத்தை பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். தேவையான அளவை மட்டும் சிறு டப்பாவில் ஊற்றி, அதில்தான் கலக்க வேண்டும். முழு டப்பாவிலும் ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

பிரஷால் அடிக்கும் எனாமலுக்குப் பொதுவாக 5 முதல் 10 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் போதும். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. அதிகம் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கொள்ளளவில் பாதி திடப்பொருள் கொண்ட ஒரு பெயின்ட்டை 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஈரப் பூச்சாக அடித்தால், காய்ந்தபின் 30 மைக்ரான் நிற்கும். அதே பெயின்ட்டில் லிட்டருக்கு 250 மில்லிலிட்டர் ஊற்றினால் நிற்பது 24 மைக்ரான். நீர்த்த பெயின்ட் ஈரமாகவே அந்த 60 மைக்ரான் நிற்காமல் வழியும் என்பதால், உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு. சதுரக் கம்பியின் கூர்விளிம்பில் பெயின்ட் இயல்பாகவே விலகி மெலிந்துதான் நிற்கும். மும்பையில் துரு முதலில் எட்டிப் பார்க்கும் இடமும் அந்த விளிம்புதான். ஒரு லிட்டரை இழுத்து இரண்டு ஜன்னலுக்குக் கூடுதலாக அடித்தது சிக்கனமாகாது. விளிம்புகளுக்கு மட்டும் முதலில் ஒரு கை அடித்துவிட்டு, பிறகு முழுதாக அடிப்பது நல்ல வழக்கம்.

பெயின்ட் இழுபடுகிறது என்று தின்னர் ஊற்றும் பலருக்கு உண்மையான காரணம் வெயிலில் சூடேறிய இரும்பு. மேற்குப் பார்த்த கிரில்லைப் பிற்பகலில் அடித்தால், பிரஷ் நகர்வதற்குள் டர்பன்டைன் பறந்துவிடுகிறது. அதற்கு மருந்து நிழல் விழும் நேரம்தான், தின்னர் அல்ல. எதிர்ப்புறத் தவறும் உண்டு. இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமும் இருக்கும் நாளில் அந்தப் படியும் வெப்பநிலை ஏறக்குறைய 27 டிகிரி. ஆகவே விடியலில் தொட்டால் சில்லென்றிருக்கும் கம்பியில் பெயின்ட் ஏற்றவே கூடாது. மழைக்கால இடைவெளியில் என்.சி. பெயின்ட் ஸ்பிரே செய்கிறவர்கள் காணும் வெண்மூட்டமும் இந்த ஈரத்தால் வருவதே: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் நீர் படிகிறது.

பிரஷுக்கு வருவோம். நுனியைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்புவதுதான் இங்கே பெருந்தவறு. பிரஷ் கெடுவது, மயிர் தகரப் பட்டைக்குள் நுழையும் அடிப்பகுதியில். அங்கே ஏறிய எனாமல் இறுகினால், மயிர்க்கற்றை இரண்டாகப் பிளந்து விரிந்து, ஒரு கோட்டைக்கூட நேராக இழுக்க முடியாமல் போகும். வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்ட்டை டப்பா விளிம்பில் வழித்து, பழைய செய்தித்தாளில் இழுத்துத் துடைத்துவிட வேண்டும். பிறகு சிறு டப்பாவில் இரண்டு விரல் உயரம் டர்பன்டைன் ஊற்றி, பிரஷைப் பக்கவாட்டில் அழுத்தி அழுத்தி எடுத்தால் திரவம் அடிவரை ஏறும். ஒரே தடவை நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை மாற்றுவதே நன்றாகக் கழுவும். பழைய சீப்பால் அடியிலிருந்து நுனிக்கு வாரி, சோப்பும் தண்ணீரும் போட்டு அலசி, உதறி, வடிவம் பிடித்துத் தாளில் சுற்றித் தொங்கவிட வேண்டும். முதல் கழுவலுக்கு மண்ணெண்ணெய் பரவாயில்லை. கடைசிக் கழுவல் டர்பன்டைனாக இல்லாவிட்டால், அந்தப் பசை அடுத்த பெயின்ட்டில்தான் இறங்கும்.

டப்பாவில் தலைகீழாக ஊறப் போட்டால் நுனி ஒரு பக்கம் மடிந்துவிடும். இரவு முழுவதும் தண்ணீரில் வைப்பது காற்றைத் தடுத்து எனாமல் இறுகாமல் காக்கும் என்பது உண்மையே. ஆனால் பட்டை துருப்பிடிக்கும், மரப்பிடி உப்பும். உணவு இடைவேளை அளவுக்குப் பாலிதீன் பையில் இறுகச் சுற்றி வைப்பதே போதும். இறுகிவிட்ட எனாமலை டர்பன்டைன் கரைக்காது, என்.சி. தின்னரில் ஊறவைத்து இளக்கிப் பார்க்கலாம், ஆனால் நைலான் பிரஷுக்கு அதைக் காட்டக்கூடாது. எபாக்சி பிடித்து இறுகிய பிரஷைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

கையில் ஒட்டிய பெயின்ட்டைத் தின்னரால் கழுவுவது தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். மிஞ்சிய டர்பன்டைனைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கழுவிய அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றினால் அதன் ஆவி குழாய்க்குள் தேங்கித் தீப்பிடிக்கக்கூடும். திரவமோ நாலா எனும் கழிவுநீர்க் கால்வாய் வழியாக மித்தி ஆற்றுக்கும் மாஹிம் கழிமுகத்துக்கும்தான் போய்ச் சேரும். மூடிய கண்ணாடிப் பாட்டிலில் சில நாள் அசையாமல் வைத்தால் தூள் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் ரெசின் கரைந்திருப்பதால் பெயின்ட்டில் கலக்கக்கூடாது. துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிப்பதும் ஆகாது. எனாமல் ஆக்சிஜனை எடுத்து இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். ஒவ்வொன்றாக விரித்து வெளியில் உலர்த்தி, விறைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். அதற்கு இடமில்லாத வீடுகளில், தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முழுக நனைத்து மூடி வைக்கலாம்.