பனீர் மசாலாவில் பால் திரிந்த கதை

சனிக்கிழமை இரவு அவள் என் அறைக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. கையில் 200 ரூபாய். பனீர் மசாலா, சப்பாத்தி. கிரீம் கட்டுப்படியாகாது, பதிலுக்குப் பால்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். தக்காளி கிரேவியில் பாலை ஊற்றியதும் திப்பி திப்பியாகத் திரிந்துவிட்டது. பால் பழசோ என்று வியாழன் புது பாக்கெட் வாங்கினேன்; அதே கதை. வெள்ளியன்று புளிப்பைக் குறைக்கச் சர்க்கரை போட்டேன். சர்க்கரை புளிப்பை மறைக்குமே தவிர எடுக்காது. கிடைத்தது இனிப்பான திரிசல்.

அப்புறம்தான் இண்டக்‌ஷன் அடுப்பை உற்றுப் பார்த்தேன். 200 வாட்டில் வைத்தாலும் என் அடுப்பு சிறு தீயாக எரிவதில்லை. சில நொடி வேகமாகக் கொதிக்கவிட்டு, சில நொடி சும்மா இருக்கிறது. குமிழிகள் பொங்கிப் பொங்கி அடங்குகின்றன. புளிப்போடு அந்தக் கொதியும் சேர்ந்தால் பால் தாங்குமா?

சனியன்று அரை டம்ளர் பாலில் அரை ஸ்பூன் சோள மாவைக் கரைத்து, தனியாகக் காய்ச்சி லேசாகக் கெட்டியாக்கினேன். பனீர் போட்ட கிரேவியை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டேன். இரண்டு கரண்டி கிரேவியை முதலில் பாலில் கலந்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினேன். மறுபடி அடுப்பில் வைக்கவில்லை.

திரியவில்லை. சப்பாத்திதான் இரண்டு தீய்ந்தது.